முதுகுப்புறத்துச் சரித்திரம்

அரசர்களுக்கு மட்டும்தான் சரித்திரம் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. சொற்களுக்கும் சரித்திரம் உண்டு. அதிலும் முடிசூட்டு விழா உண்டு, பதவி இழப்பு உண்டு, படையெடுப்பு உண்டு, குடும்பம் சிதறிப் போன கதையும் உண்டு. அகராதியைக் கையில் எடுத்தால் எனக்கு ஒரு சபலம். ஒரு சொல்லுக்குப் பொருள் தேடிப் போகிறவன், அதன் தாத்தா பாட்டி யார், பூர்விகம் எந்த ஊர் என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் புத்தகத்தை மூடுவேன். பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

அப்படி நான் விசாரித்த குடும்பங்களில், ஆங்கிலத்தில் பின்பக்கத்தைச் சொல்லும் சொற்களைப் போல வேடிக்கையும் வேதனையும் கலந்த குடும்பம் வேறொன்று இல்லை. அபூர்வமான சொற்கள் அல்ல. 'பாக்', 'பாக்வர்ட்', 'ரிவர்ஸ்', 'ரியர்', 'அரியர்ஸ்', 'ரிடையர்' என்று பஸ்ஸிலும் ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் நாம் தினந்தோறும் கேட்கிற சொற்கள்தாம். வேடிக்கையை முதலில் சொல்கிறேன். வேதனை தானாகவே பின்னால் வரும்.

'பாக்' என்பது ஆதியில் திசையே அல்ல. அது முதுகு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் மனிதனுக்கோ மாட்டுக்கோ இருக்கிற முதுகைத்தான் அந்தச் சொல் குறித்தது. 'முதுகுப் பக்கமாக' என்று சொல்ல வேண்டியபோது, 'ஆன்' என்ற முன்னொட்டைச் சேர்த்துச் சொன்னார்கள். நாளடைவில் 'ஆன் பாக்' தேய்ந்து 'அபாக்' ஆயிற்று. அதுவும் தலை தேய்ந்து வெறும் 'பாக்' ஆயிற்று. உடம்பின் ஓர் அங்கம் உலகத்தின் ஒரு திசையாகப் பதவி உயர்வு பெற்ற கதை இது.

இந்தப் பதவி உயர்வு இன்னொரு சொல்லின் வயிற்றில் அடித்துவிட்டது. முதுகுக்கு அந்த நாளில் வேறொரு பெயரும் வழங்கியது. இன்றைய 'ரிட்ஜ்' என்ற சொல்லின் மூதாதை அது. 'பாக்' கைக்கு வந்ததும் அந்தப் பழைய சொல் உடம்பை விட்டு வெளியேறி, மலை முகட்டிலும் கூரை முகட்டிலும் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் ஜெர்மனியில் தங்கிவிட்ட அதன் உடன்பிறப்புக்கு யோகம் குறையவில்லை. அங்கே இன்றைக்கும் முதுகு 'ரூக்கன்'தான். 'திரும்பி வா' என்பதற்கு ஜெர்மானியர் சொல்லும் 'ட்சுரூக்' என்ற சொல்லுக்குள் 'முதுகுப் பக்கம்' என்ற பொருள் பத்திரமாக இருக்கிறது.

'பாக்வர்ட்' என்பதில் உள்ள 'வர்ட்' என்ற வால் யாருடையது? 'திரும்புதல்' என்ற பொருளுடைய மிகப் பழைய வேர் ஒன்று உண்டு. அது லத்தீனில் 'வெர்ட்டெரே' என்று ஆயிற்று. சம்ஸ்கிருதத்தில் 'வ்ருத்' என்று ஆயிற்று. வடக்கே ஜெர்மானியக் காடுகளில் 'வர்ட்' என்று ஆயிற்று. ஆகவே 'பாக்வர்ட்' என்றால் 'முதுகுப் பக்கம் திரும்பிய' என்று பொருள். லத்தீன் கிளை பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தபோது 'ரிவர்ஸ்' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. ஒரே பாட்டியின் இரண்டு பேரப்பிள்ளைகள், ஒருவர் காட்டு வழியாகவும் மற்றவர் ரோமாபுரி வழியாகவும் வந்து, ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் ஒரே ஊரில் குடித்தனம் செய்கிறார்கள்! அந்தப் பாட்டிக்கு நம் ஊரிலும் பேரப்பிள்ளைகள் உண்டு. நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட 'சக்கரவர்த்தி', 'பரிவர்த்தனை', 'வர்த்தமானம்' எல்லாம் அந்த வம்சம்தான்.

திரும்புவது என்றதும் ரோமானியனுக்கு உழவு மாடுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உழுதுகொண்டு போகிற மாடு, வரப்பை எட்டியதும் திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கும், அதனால் உண்டாகும் உழவுச் சாலுக்கும் 'வெர்ஸுஸ்' என்று பெயர். வயலில் சால், ஏட்டில் வரி. கவிதை வரியைக் குறிக்கும் 'வெர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் இப்படி ஏர்க்காலிலிருந்து வந்ததுதான். ஆதி கிரேக்கர்கள் எழுதும்போதும் மாட்டைப் போலவே திரும்பினார்கள். ஒரு வரி இடமிருந்து வலம்; அடுத்த வரி வலமிருந்து இடம். கிரீட் தீவில் கோர்ட்டின் என்ற ஊரில் கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சட்டங்களை இப்படித்தான் சுவரில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குக் கிரேக்க மொழியில் பெயரே 'மாடு திரும்புவது போல' என்பதுதான்.

வசனத்துக்கு ஆங்கிலத்தில் 'ப்ரோஸ்' என்று பெயர். அதுவும் இதே வேரில் பிறந்த சொல்தான். 'முன்னோக்கித் திரும்பியது', 'நேரே போவது' என்று அதற்குப் பொருள். கவி திரும்பித் திரும்பி வருகிறவன். வசனகர்த்தா திரும்பிப் பாராமல் நேரே போய்க்கொண்டே இருக்கிறவன். நாவல் எழுதிப் பிழைக்கிற என்னைப் பற்றி லத்தீன் மொழிக்கு இருக்கும் அபிப்பிராயம் இதுதான் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

வயலை விட்டுப் போர்க்களத்துக்குப் போனால் பின்பக்கத்தின் மதிப்பு இறங்கத் தொடங்குகிறது. 'கவர்ட்' என்றால் கோழை. அது 'வால்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வாலைக் காட்டிக்கொண்டு ஓடுகிற பிராணிதான் கோழை! 'ரிட்ரீட்' என்றால் பின்னுக்கு இழுத்துக்கொள்வது. 'ரிகாயில்' என்பது இன்று துப்பாக்கி உதைப்பதைக் குறிக்கும் மரியாதையான சொல்லாக இருக்கிறது. அதன் பிரெஞ்சுப் பூர்விகத்தில் மனிதன் உட்காரப் பயன்படுத்தும் அங்கத்தின் பெயர் ஒளிந்திருக்கிறது. அதைச் சரியான தமிழில் எழுதினால் அச்சுக் கோப்பவரே கைகூசி நிறுத்திவிடுவார். 'ரிடையர்' என்ற சொல்லும் படை பின்வாங்குவதைச் சொல்ல 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். இன்றைக்கு மாலையும் பொன்னாடையும் போட்டு உத்தியோகஸ்தரை வீட்டுக்கு அனுப்பும் விழாவில் அந்தச் சொல்லைப் படிக்கிறோம். சேனையின் பின்பகுதியை 'ரியர்' என்கிறார்கள். 'பின்னால்' என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல் 'அரியேர்'. அதன் தலையை வெட்டினால் 'ரியர்'. வாலை நீட்டினால் 'அரியர்ஸ்'. வாடகைப் பாக்கிக்காரரும், பரீட்சையில் பேப்பரைப் பாக்கி வைத்திருக்கிற கல்லூரி மாணவரும் ஒரே சேனையின் கடைசி வரிசையில்தான் நிற்கிறார்கள்.

கடலில் பின்பக்கம் என்பது அவமானம் அல்ல, ஆபத்து. சதுரப் பாய் கட்டிய பழைய கப்பலில் காற்று பின்னாலிருந்து வந்து பாயை நிரப்ப வேண்டும். திடீரென்று காற்று திசை மாறி எதிரேயிருந்து அடித்தால், பாய்கள் பாய்மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த கப்பல் நின்றுவிடும். பின்னோக்கி நகரவும் தொடங்கும். பாய்மரம் முறிந்து விழுந்தாலும் விழும். அந்த நிலைமைக்கு மாலுமிகள் சொன்ன பெயர்தான் 'டேக்கன் அபாக்'. நாம் முன்பு சந்தித்த அதே 'அபாக்'! 19ஆம் நூற்றாண்டில் அது கரையேறி, எதிர்பாராத செய்தி கேட்டுத் திகைத்து நிற்பதைக் குறிக்கலாயிற்று. இன்றைக்கு இந்தச் சொற்றொடரை எழுதுகிறவர்களில் பலர் கப்பலைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள்.

இனிமேல் கதை கறுக்கிறது. ஸ்காட்லாந்தில் 'விடர்ஷின்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. முதலில் அதற்கு 'எதிர்ப்போக்கு' என்று மட்டும்தான் பொருள். பிறகு 'சூரியன் போகும் திசைக்கு எதிராகச் சுற்றுவது' என்று பொருள் கொண்டு, துர்ச்சகுனமாகக் கருதப்பட்டது. சூரியனை ஒட்டிச் சுற்றுவதற்கு அங்கே கேலிக் மொழியில் 'டெஷில்' என்று பெயர். அதன் வேருக்கு 'வலக்கை' என்றும் 'தெற்கு' என்றும் இரண்டு பொருள். கிழக்கே பார்த்து நிற்பவனுக்கு வலக்கைப் பக்கம் தெற்குத்தானே! சம்ஸ்கிருதத் 'தட்சிண'த்துக்கும் இதே இரண்டு பொருள். இரண்டும் ஒரே வேர். கோயிலில் நாம் பிரதட்சிணம் வருகிறோம். எங்கோ பனி மலையில் இருக்கும் ஸ்காட்லாந்துக்காரனும், அநேகமாக அதே பெயரைச் சொல்லிக்கொண்டு, அதே பக்கமாகத்தான் சுற்றியிருக்கிறான்.

எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் என்ன ஆகும்? 1590ஆம் ஆண்டில், டென்மார்க்கிலிருந்து மணமகளை அழைத்துக்கொண்டு வந்த ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸின் கப்பல்கள் புயலில் சிக்கின. புயலை ஏவியவர்கள் சூனியக்காரிகள் என்று சந்தேகம் பிறந்தது. நார்த் பெர்விக் என்ற கடலோர ஊரைச் சேர்த்துப் பேசப்படும் விசாரணைகள் தொடங்கின. அரசரே முன்னின்று சிலரை விசாரித்தார். சித்திரவதை நடந்தது, வாக்குமூலம் வந்தது. இரவில் மாதா கோயிலருகே கூடி 'விடர்ஷின்ஸ்' சுற்றினார்கள் என்பதும் அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. பலர் உயிரிழந்தார்கள். ஒரு திசைக்கு இவ்வளவு விலை!

'முன்'னையும் 'பின்'னையும் மாற்றி வைப்பது மனிதனை இப்படிக் கலவரப்படுத்துகிறது. ஆங்கிலத்தில் அபத்தத்தைக் குறிக்கும் 'ப்ரிபாஸ்டரஸ்' என்ற சொல், லத்தீனில் 'முன்' என்பதையும் 'பின்' என்பதையும் அப்படியே ஒட்டி வைத்துச் செய்தது. பின்னால் வரவேண்டியது முன்னால் வந்தால் அபத்தம். நம்மவர்கள் 'முன்னுக்குப் பின் முரண்' என்கிறார்களே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான்.

மண்ணையும் கடலையும் பார்த்தாயிற்று. ஆகாயத்தையும் பார்த்துவிடலாம். கிரகங்கள் நட்சத்திரங்களினூடே நாளுக்கு நாள் கிழக்கு நோக்கி நகர்கின்றன. திடீரென்று ஒரு கிரகம் தயங்கி நிற்கும். பிறகு மேற்கு நோக்கி நகரும். மறுபடியும் நின்று, பழைய வழியில் திரும்பும். ஆங்கிலத்தில் இதற்கு 'ரெட்ரோகிரேட்' என்று பெயர். பின்னோக்கி அடியெடுத்து வைப்பது என்பது பொருள். 1391ஆம் ஆண்டில், கவிஞர் சாசர் தம்முடைய பத்து வயது மகனுக்காக எழுதிய வான நூல் கருவி பற்றிய சிறு நூலில் இந்தச் சொல் வருகிறது. நம் ஜோசியர்கள் இதை 'வக்கிரம்' என்கிறார்கள். வக்கிரம் என்றால் வளைந்தது, கோணலானது. நேரே போகாத கிரகத்துக்கு வைத்த பெயரையே கோணல் புத்திக்காரனுக்கும் வைத்துவிட்டோம்.

செவ்வாய்க் கிரகம் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை இப்படி இரண்டு மாதத்துக்கு மேல் பின்னோக்கி நடக்கிறது. ஏன் நடக்கிறது? ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அறிஞர்கள் இதற்குக் காரணம் தேடினார்கள். வட்டத்துக்குள் வட்டம் போட்டுக் கணக்கிட்டார்கள். 1543இல் கோப்பர்நிக்கஸின் நூல் வெளியாயிற்று. அவர் சொன்ன பதில் மிகவும் எளியது. செவ்வாய் பின்னோக்கி நடக்கவே இல்லை! சூரியனைச் சுற்றி உள்வட்டத்தில் பூமி வேகமாக ஓடுகிறது. வெளிவட்டத்தில் செவ்வாய் நிதானமாகப் போகிறது. நாம் அதைக் கடந்து முந்துகிற சமயத்தில், அது பின்னால் போவதாக நமக்குத் தோன்றுகிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் மெதுவாகப் போகும் ரயிலை நம் எக்ஸ்பிரஸ் தாண்டும்போது, அந்த ரயில் பின்னோக்கிப் போவது போலத் தெரிகிறதல்லவா? அதே மயக்கம்தான். கோணல் கிரகத்தில் இல்லை; பார்க்கிறவன் நின்ற இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க மனிதன் தான் நிற்கும் பூமியே ஓடுகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தத் தத்துவத்தை நம் ஊர் லாரி கிளீனர் எப்போதோ அறிந்திருக்கிறார். லாரி 'ரிவர்ஸ்' எடுக்கும்போது அவர் வண்டிக்குப் பின்னால் இறங்கி நின்று, பலகையைக் கையால் தட்டிக்கொண்டு, "வா, வா, வா" என்று குரல் கொடுக்கிறார். "போ" என்று அவர் சொல்வதில்லை. டிரைவருக்கு வண்டி பின்னால் போகிறது. கிளீனருக்கு அது முன்னால் வருகிறது. ஒரே வண்டி, ஒரே நகர்வு. நிற்கிற இடம்தான் வேறு.

காலத்தின் சங்கதியும் இதுதான். 'அந்த நாளைத் திரும்பிப் பார்க்கிறேன்' என்று எழுதுகிறோம். அப்படியானால் சென்ற காலம் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் சென்ற காலத்தை 'முன்பு' என்கிறோம். அதில் வாழ்ந்தவர்களை 'முன்னோர்' என்கிறோம். வரப்போவதைப் 'பிறகு', 'பின்பு' என்கிறோம். ஆங்கிலத்திலும் இதே குழப்பம். 'பிஃபோர்' என்றால் எதிரே. 'பிஃபோர்' என்றால் முன்னொரு காலத்தில். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைப் பகுதியில் வாழும் அய்மாரா மக்களைப் பற்றி நூன்யெஸ், ஸ்வீட்ஸர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மக்களின் மொழியில் கண்ணுக்கும் முன்பக்கத்துக்கும் சென்ற காலத்துக்கும் ஒரே சொல். பின்பக்கத்துக்கும் எதிர்காலத்துக்கும் ஒரே சொல். வயதானவர்கள் பழைய நாட்களைப் பற்றிப் பேசும்போது கையை முன்னால் நீட்டிக் காட்டுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடந்து முடிந்ததைப் பார்த்தாயிற்று. ஆகவே அது கண் எதிரே இருக்கிறது. நடக்கப்போவதை யார் கண்டார்கள்?

பின்பக்கம் என்பது பார்க்கிறவன் நிற்கிற இடத்தைப் பொறுத்தது என்று இவ்வளவு தூரம் ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், இந்தச் சொல்லை மனிதர்கள் மனிதர்கள்மீது ஒட்டினார்கள். படிப்பில் மந்தமான குழந்தையைப் 'பாக்வர்ட்' என்றார்கள். 1937இல் சிரில் பர்ட் என்ற ஆங்கில மனோதத்துவ நிபுணர் அந்தப் பெயரைத் தலைப்பிலேயே வைத்துக் குழந்தைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். குழந்தைகளோடு நிற்கவில்லை, தேசங்களையும் ஜனங்களையும் அப்படியே அழைத்தார்கள்.

1919ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம், சில பிரதேசங்களைப் 'பாக்வர்ட் டிராக்ட்ஸ்' என்று அறிவிக்க கவர்னர் ஜெனரலுக்கு அதிகாரம் கொடுத்தது. காரோ மலைகள், சிட்டகாங் மலைப் பகுதி, லட்சத்தீவு, டார்ஜிலிங் முதலிய இடங்கள் அந்தப் பட்டியலில் ஏறின. நாற்புறமும் கடல் சூழ்ந்த லட்சத்தீவுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது? டார்ஜிலிங்கின் கதை இன்னும் வேடிக்கை. கல்கத்தாவின் வெயில் தாங்காமல் வங்காள கவர்னர் கோடைக்குப் போய்த் தங்குகிற ஊர் அது! கவர்னர் போய் உட்கார்ந்தாலும் ஊர் பின்னால்தான் இருந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, 'விலக்கப்பட்ட பகுதிகள்' என்று வேறு பெயர் வைத்தார்கள். பெயர் மாறியது. மலைவாசியைக் கேட்காமல் பெயர் வைக்கும் வழக்கம் மாறவில்லை.

1950இல் நம் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தபோது அதே ஆங்கிலச் சொல் அதற்குள்ளும் இடம்பெற்றது. இந்த முறை அது உரிமை கொடுப்பதற்காக வந்தது. சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட உத்தரவு நீதிமன்றத்தில் செல்லாமற்போனதைத் தொடர்ந்து, 1951இல் நடந்த முதல் திருத்தத்தில் அந்தச் சொல் கல்விக்கும் நீண்டது. 1953இல் காகா காலேல்கர் தலைமையில் நியமிக்கப்பட்ட கமிஷன், 1955இல் கொடுத்த அறிக்கையில் 2,399 சாதிகளை அந்தப் பெயரின் கீழ்ப் பட்டியலிட்டது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல்தான்: 'பாக்வர்ட்'. முதுகுப் பக்கம் திரும்பியவர்கள். யார் திருப்பினார்கள் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. தானாகத் திரும்பினார்கள் போலும் என்று கேட்கிறவன் நினைத்துக்கொள்ளலாம்.

தமிழ் இந்த இடத்தில் ஒரு காரியம் செய்திருக்கிறது. 'பிற்பட்டவர்கள்' என்று முன்பு எழுதினார்கள். அது ஆங்கிலச் சொல்லின் நிழல். இன்று சட்டத்திலும் அரசாங்கத் துறையின் பெயர்ப் பலகையிலும் இருப்பது 'பிற்படுத்தப்பட்டோர்' என்ற சொல். நடுவே ஒரு 'படுத்து' சேர்ந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த 'படுத்து' வந்தவுடன் வாக்கியத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுவாய் வந்து நிற்கிறது. இவர்களாகப் பின்னால் போகவில்லை. யாரோ பின்னால் தள்ளினார்கள். பெயர்ப் பலகையில் 'படுத்து' சேர்ந்ததால் மட்டும் ஒருவருடைய வாழ்க்கை மாறிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஆங்கில அகராதி ஆயிரம் ஆண்டுகளாகக் கேட்காத கேள்வியை அந்த ஒரு விகுதி கேட்டுவிடுகிறது.

ஆங்கிலத்தின்மீது முழுப் பழியையும் போட்டுவிட்டுப் போவது நியாயமாகாது. பின்பக்கத்துச் சொற்களின் குடும்பத்தில் தலைநிமிர்ந்து நிற்கிற பிள்ளை ஒன்றும் அங்கே உண்டு. மரியாதையைக் குறிக்கும் 'ரெஸ்பெக்ட்' என்ற சொல்தான் அது. 'ரெ' என்றால் பின்னால், மறுபடியும். எஞ்சிய பகுதிக்குப் 'பார்த்தல்' என்று பொருள். லத்தீன்காரன் கணக்கில் மரியாதை என்பது கும்பிடுவதும் அல்ல, குனிவதும் அல்ல. தாண்டிப் போனவன் நின்று, முகத்தைத் திருப்பி, இன்னொரு முறை பார்ப்பது. அப்படி ஒருமுறை திரும்பிப் பார்த்தால், அங்கே இருப்பவர் பின்னால் நிற்கிறாரா, நிறுத்தப்பட்டாரா என்ற சந்தேகமாவது நமக்கு வரும்.